இளையோரோடு சேர்ந்து சமூக ரோபோ வடிவமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஜிபோ என்ற குட்டி ரோபோவுக்காக 2014இல் இணையத்தில் மக்களிடமே பணம் திரட்டினார்கள். 2017இல் அது வீடுகளுக்கு வந்தது. 2019இல், தன்னை இயக்கும் சர்வர்கள் சீக்கிரம் நிறுத்தப்படும் என்று அதுவே தன் வாயால் சொல்லி, நன்றியும் சொல்லி விடைபெற்றது. அடுத்து மாக்ஸி. 5 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே 2020இல் வெளிவந்த ரோபோ. 2024 டிசம்பரில் நிறுவனத்தை மூடப்போகிறோம் என்று அறிவித்தபோது, கூடவே பழகிய தோழன் இனிமேல் பேச மாட்டான் என்பதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பெற்றோர்கள் தவித்தார்கள்.

நான் இளையோரோடு உட்கார்ந்து ரோபோ வடிவமைக்கும் பட்டறைகள் நடத்துகிறேன். அநேகமாக எல்லாக் குழுவிலும், முதல் நாளே, யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "இது நின்னு போச்சுன்னா என்ன பண்றது?" பெரியவர்கள் கூடிப் பேசும் கூட்டங்களில் இந்தக் கேள்வி கடைசியில்தான் வரும், பல சமயம் வரவே வராது. இளையோரை ஏன் கூப்பிட வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம், இது அவர்களுடைய உரிமை. தன்னைப் பாதிக்கும் எல்லா விஷயத்திலும் கருத்துச் சொல்லவும், அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புக் கிடைக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 12ஆவது பிரிவில் சொல்கிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு என்கிறது அது, பெரியவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது என்று சொல்லவில்லை.

சமூக ரோபோ என்றால் தொழிற்சாலையில் வெல்டிங் வைக்கும் இயந்திரக் கை இல்லை. நம்மைப் பார்த்து, பேசி, தலையசைத்து, மனிதரோடு பழகுவதற்கென்றே செய்யப்பட்ட ரோபோ. வகுப்பறையில், மருத்துவமனைப் படுக்கைக்குப் பக்கத்தில், வீட்டு மேசையில் இருக்கப்போவது. இதைச் சுமார் 11 முதல் 18 வயது வரையிலானவர்களோடு சேர்ந்து செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்கிறேன். ஆசிரியர், பொறியாளர், ஆய்வு மாணவர், நூலகத்தில் பட்டறை நடத்துபவர், யாருக்கும் பொருந்தும்.

படி 1: எது இன்னும் முடிவாகவில்லை என்று எழுதுங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஏற்கெனவே முடிவானவை, வலப்பக்கம் இன்னும் மாற்றக்கூடியவை. ரோபோவின் உருவம், உயரம், குரல், எங்கே இருக்கும், எதற்காக இருக்கும், எதைப் பதிவு செய்யும், எப்போது வாயை மூடும், எல்லாவற்றையும் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுதுங்கள். வலப்பக்கத்தில் நிறம் மட்டும்தான் மிஞ்சுகிறது என்றால் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். கூப்பிட்டால் அது அலங்காரம்தான். பிள்ளைகளின் பங்கேற்பை ஆராய்ந்த ரோஜர் ஹார்ட் 1992இல் யூனிசெஃபுக்காக எழுதிய பங்கேற்பு ஏணியில் எட்டுப் படிகள் இருக்கின்றன. கீழே இருக்கும் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளைகளை முன்னால் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வதெல்லாம் அந்த மூன்றில் அடங்கிவிடும்.

ஆலிசன் ட்ரூயின் என்ற ஆய்வாளர் 2002இல் இன்னொரு கணக்குச் சொன்னார். தொழில்நுட்ப வடிவமைப்பில் பிள்ளைகளுக்கு நான்கு விதமான இடம் கிடைக்கலாம்: பயன்படுத்துபவர், சோதித்துப் பார்ப்பவர், தகவல் சொல்பவர், வடிவமைப்பில் பங்காளி. நான்கும் தேவைதான், எப்போதும் பங்காளியாகத்தான் வைக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் எந்த இடத்தைக் கொடுக்கிறீர்களோ அதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். பங்காளி என்று கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுச் சோதனையாளராக நடத்துவதை இந்த வயதுப் பிள்ளைகள் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்த பிறகு நீங்கள் கேட்கும் எதற்கும் "நல்லா இருக்கு" என்ற ஒரே பதில்தான் வரும்.

படி 2: யாரைக் கூப்பிடுவது

ரோபோட்டிக்ஸ் கிளப்பில் மட்டும் ஆள் தேடாதீர்கள். அங்கிருந்து வருபவர்களுக்கு ரோபோ ஏற்கெனவே பிடித்திருக்கும், எப்படிச் செய்வது என்பதிலேயே அவர்கள் பேச்சு நிற்கும். ரோபோவே வேண்டாம் என்பவர், கூட்டத்தில் பேசக் கூச்சப்படுபவர், காது சரியாகக் கேட்காதவர், சக்கர நாற்காலியில் வருபவர், வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்பவர், இப்படிப்பட்டவர்கள் வந்தால்தான் எதற்காக, யாருக்காக என்ற பேச்சு தொடங்கும்.

எண்ணிக்கை 6 முதல் 10 வரை போதும். 11 வயதுக்காரரையும் 17 வயதுக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தால் சின்னவர் வாயைத் திறக்க மாட்டார், அதனால் இரண்டு மூன்று வயது வித்தியாசத்துக்குள் இருக்கும்படி குழுக்களைப் பிரித்துவிடுங்கள். நெருங்கிய நண்பர்களை ஜோடியாகக் கூப்பிடுவதும் நல்லது, கூட ஒரு ஆள் இருந்தால் தைரியம் வரும். பெரியவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் வேண்டாம். இருப்பவர்களும் கையில் நோட்டோடு சுவர் ஓரமாக நிற்காமல் மேசையில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து அட்டை வெட்ட வேண்டும்.

ஒரு தடவை வரவழைத்து அனுப்பிவிடாதீர்கள். குறைந்தது நான்கு அமர்வுகள் தேவை. முதல் அமர்வில் நம்மை எடைபோடுவார்கள், இரண்டாவதில்தான் உண்மையைப் பேசத் தொடங்குவார்கள்.

படி 3: ஒப்புதல், பதிவு, பாதுகாப்பு

பெற்றோரின் கையெழுத்து ஒன்று, பிள்ளையின் சம்மதம் இன்னொன்று. இரண்டும் வேண்டும். பெற்றோர் சரி என்று சொல்லிப் பிள்ளை வேண்டாம் என்றால், வேண்டாம்தான். நடுவில் எழுந்து போகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பதை வாயால் சொன்னால் மட்டும் போதாது, அதற்கு ஒரு வழி செய்துகொடுங்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு சிவப்பு அட்டை கொடுக்கிறோம். கவிழ்த்து வைத்தால் "இந்தக் கேள்வி எனக்கு வேண்டாம்" என்று அர்த்தம், யாரும் ஏன் என்று கேட்கக் கூடாது.

எதைப் பதிவு செய்கிறீர்கள், எங்கே வைக்கிறீர்கள், எப்போது அழிக்கிறீர்கள் என்பதை 12 வயதுக்காரருக்குப் புரிகிற மாதிரி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலை இணையவழியில் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 16, நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம். இந்தியாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே வைத்திருக்கிறது. முகத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிக்கும் மென்பொருளை ரோபோவில் சேர்க்க நினைத்தால் இன்னும் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் கல்வி நிலையங்களில் அதற்கு 2025 பிப்ரவரி முதல் தடை இருக்கிறது, மருத்துவ, பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டுமே விலக்கு.

இதையெல்லாம் வெறும் காகித வேலை என்று நினைக்காதீர்கள். மை ஃப்ரெண்ட் கேலா என்ற பேசும் பொம்மையை ஜெர்மனியின் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் ஒளித்துவைத்த ஒட்டுக்கேட்புக் கருவி என்று சொல்லித் தடை செய்தது. இந்தச் செய்தியை நான் குழுவிடமே சொல்லிவிடுவேன். அதைக் கேட்ட பிறகு ரோபோவின் மைக்கை எங்கே வைக்கலாம் என்று அவர்கள் பேசும் பேச்சின் தரமே மாறிவிடும்.

கனமான விஷயம் ஏதாவது வெளியே வந்தால், வீட்டில் அடி, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போல, யாரிடம் கொண்டுபோவது என்று முன்கூட்டியே முடிவு செய்து வையுங்கள். ரகசியமாக வைப்பேன் என்று எல்லாவற்றுக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். "உனக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் நம்பகமான ஒரு பெரியவரிடம் சொல்வேன், சொல்வதற்கு முன் உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்" என்று முதல் நாளே சொல்லுங்கள்.

படி 4: முதல் அமர்வில் ரோபோவே வேண்டாம்

நான் நடத்திய முதல் பட்டறையில் ஆர்வத்தில் நாவோ ரோபோவின் படத்தைத் திரையில் போட்டுவிட்டேன். 58 சென்டிமீட்டர் உயரம், வெள்ளை உடம்பு, பெரிய தலை, வட்டக் கண். அதன் பிறகு வரையச் சொன்னால் ஒன்பது தாளிலும் வெள்ளை உடம்பு, பெரிய தலை. ஒரு முழு நாள் வீணானது, தவறு என்னுடையது. இப்போது முதல் அமர்வில் ரோபோ என்ற சொல்லையே முடிந்தவரை பின்னுக்குத் தள்ளுகிறேன்.

அதற்குப் பதிலாக அவர்களுடைய நாளைக் கேட்கிறேன். நீளமான ஒரு காகிதத்தில் காலை எழுந்தது முதல் தூங்கும் வரை ஒரு கோடு. எங்கே கோடு மேலே போகிறது, எங்கே கீழே விழுகிறது, விழும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள், யார் இருந்திருக்கலாம், யார் இருக்காமல் இருந்திருந்தால் நல்லது. கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள், நிறைய விஷயம் அதில்தான் வரும். பள்ளி முடிந்து வீட்டுக் கதவைத் திறக்கும் அந்த ஐந்து நிமிடம், தேர்வுக்கு முந்தைய இரவு, கழிப்பறைக்குப் போகிற சாக்கில் வகுப்பைவிட்டு வெளியே வரும் நேரம், இவைதான் ரோபோவுக்கான இடங்கள். சில இடங்களில் "இங்கே ஒரு மனிதர்தான் வேண்டும், மெஷின் வேண்டாம்" என்று சொல்வார்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலின் பியோர்லிங்கும் எம்மா ரோஸும் இப்படி ஒரு தேவையிலிருந்துதான் தொடங்கினார்கள்: பள்ளியில் பதின்பருவத்தினர் படும் மன அழுத்தம். அதை அவ்வப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஈமார் என்ற ரோபோவை அந்த வயதினரோடு சேர்ந்தே வடிவமைத்து, அந்த அனுபவத்தை 2019இல் எழுதி வெளியிட்டார்கள். தேவையை முன்னால் வைத்து, அதற்குரியவர்களையே மேசைக்கு அழைத்துத் தொடங்கியதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

படி 5: அட்டையில் செய்யுங்கள்

அட்டைப் பெட்டி, துணி, பஞ்சு, பாட்டில் மூடி, கம்பி, ரப்பர் பேண்ட், டேப். இதற்கு மேல் எதுவும் வேண்டாம். 3டி பிரிண்டரை இந்தக் கட்டத்தில் திறந்தால் எல்லோர் கவனமும் மெஷின் பக்கம் போய்விடும், அதுவும் பளபளப்பாக வந்த பொருளைக் கிழித்துப் போட யாருக்கும் மனசு வராது. அட்டை என்றால் கிழிக்கலாம்.

ஒரு அமர்வில் நடந்ததைச் சொல்கிறேன். 14 வயதுப் பெண் ஒருத்தி ஷூ பெட்டியில் ரோபோ செய்தாள். இரண்டு பாட்டில் மூடிகள் கண், தலை திரும்ப நடுவில் ஒரு குண்டூசி. முடித்துவிட்டு, ரோபோவைத் தனக்கு எதிரே வைக்காமல் பக்கத்தில் வைத்தாள், முகம் தன்னைப் பார்க்காமல் தான் பார்க்கும் திசையையே பார்க்கிற மாதிரி. கண்ணோடு கண் பார்த்தால்தானே பேச நன்றாக இருக்கும் என்று எங்கள் பொறியாளர் கேட்டார். "அழும்போது யாரும் மூஞ்சியைப் பார்க்கக் கூடாது. பக்கத்துல இருந்தா போதும்" என்றாள். பிறகு தலையைக் கையால் மெதுவாகத் தன் பக்கம் திருப்பி, "நான் பேச ஆரம்பிச்சா மட்டும் இவ்வளவு" என்று காட்டினாள். பாதிகூட இல்லை, கால்வாசித் திருப்பம். எங்கள் திட்டத்தில் முகத்தைத் தேடிப் பின்தொடரும் கேமரா இருந்தது. அன்று மாலையே அதை எடுத்துவிட்டோம்.

உருவம் பற்றிப் பேச்சு வரும்போது சொல்ல நல்ல கதை பாரோ. ஜப்பானில் தகனோரி ஷிபாதா வடிவமைத்த, கடல்நாய்க் குட்டி வடிவ ரோபோ. ஏன் கடல்நாய்? நாய், பூனை என்றால் எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லோருக்கும் தெரியும், ரோபோ அதற்கு ஈடுகொடுக்காமல் போனால் உடனே ஏமாற்றம். கடல்நாய்க் குட்டியை அருகில் பார்த்தவர் குறைவு, அதனால் ஒப்பிட ஒன்றும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு "உங்க ரோபோ எதை மாதிரி இருந்தா நாம ஏமாற மாட்டோம்?" என்று கேளுங்கள். ஏறக்குறைய மனிதன் மாதிரியே இருந்தும் முழுசாக இல்லாத உருவம் ஒருவித அருவருப்பைத் தரும் என்று மசாஹிரோ மோரி 1970இலேயே எழுதியிருக்கிறார். இளையோருக்கு அந்தக் கட்டுரை தேவையில்லை, ஒரு படத்தைக் காட்டினால் "பேய் மாதிரி இருக்கு" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். கண்ணும் மூக்கும் மட்டும் உள்ள மஞ்சள் பனிமனிதன் மாதிரியான கீப்பான், துணியும் நூலும் போர்த்திய ப்ளாசம் போன்ற ரோபோக்களை இந்தக் கட்டத்தில் காட்டலாம், அதுவும் அவர்கள் தங்கள் அட்டை ரோபோவைச் செய்து முடித்த பிறகு.

படி 6: அசைவும் குரலும், திரைமறைவில்

மென்பொருள் எழுதுவதற்கு முன் ஆளை வைத்து நடித்துப் பாருங்கள். ஒருவர் திரைக்குப் பின்னால் இருந்து ரோபோவின் தலையையும் குரலையும் இயக்குவார், இன்னொருவர் அதனோடு பேசுவார். பொம்மலாட்டம்தான், ஆனால் ஆய்வுக்கூடங்களிலும் இந்த முறை பல காலமாகப் புழங்குகிறது. இளையோரிடம் ஆட்டுவிக்கும் வேலையைக் கொடுங்கள். பேசுபவராக இருக்கும்போது கிடைக்காத யோசனை ஆட்டுவிப்பவராக இருக்கும்போது கிடைக்கும். "இவன் இப்படிச் சொன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்று திணறுகிற அந்த நொடிதான் உண்மையான வடிவமைப்புக் கேள்வி. திரைக்குப் பின்னால் ஆள் இருப்பதை மட்டும் குழுவிடம் மறைக்காதீர்கள். வெளியாரை வைத்துச் சோதித்தால், முடிந்தவுடன் சொல்லிவிடுங்கள்.

பிறகு மோட்டார். 9 கிராம் எடையுள்ள சின்ன சர்வோ, அதாவது சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார், போதும். அதற்குக் கட்டளை கொடுக்க மைக்ரோபிட் அல்லது ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் போர்டு ஒன்று. எல்லோரும் இடறும் இடம் ஒன்று இருக்கிறது. சர்வோவுக்கான மின்சாரத்தைப் போர்டிலிருந்தே எடுத்தால், தலை எங்காவது இடித்து நிற்கும் நேரத்தில் சர்வோ அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், போர்டு ரீசெட் ஆகிவிடும், ரோபோ வலிப்பு வந்த மாதிரி உதறும். சர்வோவுக்குத் தனி பேட்டரி கொடுங்கள், இரண்டின் கிரவுண்ட் வயரையும் சேர்த்துக் கட்டுங்கள். அவ்வளவுதான்.

வேகம் இன்னும் முக்கியம். 0 டிகிரியிலிருந்து 90க்கு ஒரே கட்டளையில் போகச் சொன்னால் தலை வெடுக்கென்று திரும்பும், எதிரே இருப்பவர் திடுக்கிடுவார். 2 டிகிரி நகர்த்தி 20 மில்லி விநாடி நிறுத்தி மறுபடி 2 டிகிரி என்று போனால் 90 டிகிரிக்குக் கிட்டத்தட்ட ஒரு விநாடி ஆகும். இந்த இரண்டு எண்களையும் இளையோர் கையில் கொடுத்துவிடுங்கள். சோம்பல், பயம், சந்தோஷம், சங்கடம் என்று சீட்டில் எழுதிப் போட்டு, சீட்டை எடுத்தவர் வேகத்தை மட்டும் மாற்றி அதைக் காட்ட வேண்டும், மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கோடிங் தெரியாதவர்கள்கூட ஒரு மணி நேரத்தில் அசைவின் மொழியைப் பிடித்துவிடுகிறார்கள். குரலுக்கும் இதே விளையாட்டு: பதில் சொல்வதற்கு முன் எத்தனை விநாடி மௌனம். உடனே பதில் சொல்லும் ரோபோ "காது குடுத்துக் கேக்கல" என்று சொன்ன பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படி 7: என்ன பேசும், என்ன பேசக் கூடாது

இதற்கு ஒரு முழு அமர்வு ஒதுக்குங்கள். ரோபோவின் பேச்சுக்கு எடை உண்டு என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வில், 7 முதல் 9 வயதுப் பிள்ளைகளிடம் கோடுகளின் நீளத்தை ஒப்பிடச் சொன்னார்கள். தனியாக இருந்தபோது 87 சதவீதம் சரி. பக்கத்தில் மூன்று ரோபோக்கள் வேண்டுமென்றே தவறான பதிலைச் சொன்னபோது 75 சதவீதமாக இறங்கியது. அதே சோதனையில் பெரியவர்கள் ரோபோ சொன்னதற்கு அசையவில்லை. பெரியவர்களை வைத்துச் சோதித்துவிட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று 2012இல் வெளிவந்தது. 9, 12, 15 வயதுள்ள 90 பேர் ரோபோவி என்ற ரோபோவோடு பழகினார்கள். பிறகு ஓர் ஆய்வாளர் வந்து, அது வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அதை அலமாரிக்குள் வைத்து மூடினார். பாதிக்கு மேற்பட்டோர் அப்படிச் செய்தது சரியில்லை என்றார்கள். ரோபோவிக்குப் பின்னாலும் ஆள்தான் இருந்து இயக்கினார். 15 வயதுக்காரர்களிடம் இந்தச் சோதனையைச் சொன்னால் சூடான விவாதம் நடக்கும்: ரோபோ "எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லலாமா? பயமே இல்லாத ஒன்று அப்படிச் சொன்னால் அது பொய்தானே? ஒரு குழு முக்கால் மணி நேரம் வாதாடி, "பேட்டரி குறையுது, சார்ஜ் போடுங்க" என்று சொல்லலாம், "எனக்குப் பசிக்குது" என்று சொல்லக் கூடாது என்று முடிவு கட்டியது. எந்த நெறிமுறைப் புத்தகத்திலும் இவ்வளவு தெளிவான வரியை நான் படித்ததில்லை.

ரகசியம் பற்றியும் கேட்டே ஆக வேண்டும். இரண்டு அமர்வு முழுக்க ஒரு வார்த்தை பேசாத ஒரு பையன் மூன்றாம் அமர்வில் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தான்: "இது எங்க அம்மாகிட்ட சொல்லிடுமா?" அந்த ஒரு வரிக்கு ரோபோவிடம் என்ன பதில், அதைச் செய்தவர்களிடம் என்ன பதில், சர்வரை வைத்திருப்பவர்களிடம் என்ன பதில் என்று மூன்று பத்தி போட்டு நிரப்பச் சொல்லுங்கள். மூன்றும் ஒத்துப்போகாத இடத்தில் ரோபோவைத்தான் மாற்ற வேண்டும்.

படி 8: "வேண்டாம்" பட்டியலும் விடைபெறும் திட்டமும்

சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி, ரோபோ ஒருபோதும் செய்யக் கூடாதவற்றை அவர்களை எழுதச் சொல்லுங்கள். அதை நீங்கள் திருத்தக் கூடாது. செலவு, காலம், தொழில்நுட்பம் என்று காரணம் காட்டி வேறு ஆசைகளை மறுக்க நேரிடும், அது இயல்பு. இந்தத் தாளில் இருப்பதை மட்டும் மறுக்க நேர்ந்தால் திட்டத்தையே நிறுத்தி மறுபடி பேசுவோம் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ள மேலிடம் தயாராக இல்லை என்றால் அதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, அந்த முதல் நாள் கேள்விக்குப் பதில். ரோபோ நின்றுபோனால் என்ன? இணையம் இல்லாமல் குறைந்தபட்சம் என்னென்ன வேலை செய்யும், எத்தனை நாள் முன்பே சொல்லும், யார் குரலில் சொல்லும், அதன் நினைவில் இருப்பவை யாரிடம் போகும், அழியுமா? இளையோர் கையாலேயே அந்த விடைபெறும் உரையை எழுத வையுங்கள், சத்தமாகப் படித்துப் பாருங்கள். படிக்கும்போது குரல் தடுமாறினால், ரோபோ அளவுக்கு மீறி ஒட்டிக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள்.

படி 9: சொன்னது என்ன ஆயிற்று என்று காட்டுங்கள்

பெரும்பாலான திட்டங்கள் இந்த இடத்தில்தான் பிள்ளைகளைக் கைவிடுகின்றன. பட்டறை முடிந்ததும் குறிப்புகளை எடுத்துக்கொண்டு பெரியவர்கள் போய்விடுவார்கள், ஆறு மாதம் கழித்து எங்கோ ஒரு ரோபோ வெளியாகும். அப்படிச் செய்யாதீர்கள். குறிப்புகளை வகைபிரிக்கும் வேலைக்கே இரண்டு மூன்று பேரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். "தனியா இருக்கணும்" என்று ஒருவர் எழுதியதை நான் தனிமை என்ற தலைப்பில் போட்டேன், அதை எழுதிய பிள்ளையே எடுத்து நிம்மதி என்ற தலைப்பின் கீழ் ஒட்டியது. அந்த ஒரு மாற்றம் ரோபோ எப்போது பேச்சுக் கொடுக்கலாம் என்ற விதியையே மாற்றியது.

பிறகு மூன்று பத்தி போட்ட ஒரு தாள்: நீங்கள் சொன்னது, நாங்கள் செய்தது, செய்யவில்லை என்றால் ஏன். "ஏன்" என்ற பத்தியை மழுப்பாமல் எழுதுங்கள், பணம் இல்லை என்றால் பணம் இல்லை என்று. அதை மின்னஞ்சலில் அனுப்பாமல் நேரில் கூட்டி, வேலை செய்யும் ரோபோவோடு காட்டுங்கள். அவர்கள் பெயர் திட்டத்தில் வர வேண்டுமா, வேண்டாமா, முழுப் பெயரா, புனைபெயரா என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். செலவழித்த நேரத்துக்கு ஊதியமோ சான்றிதழோ கொடுப்பதாகச் சொல்லியிருந்தால் அன்றே கையில் கொடுங்கள்.

அட்டை ரோபோக்கள் அவர்களுடையவை. ஆய்வுக்கு வேண்டுமென்றால் படம் எடுத்துக்கொண்டு பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த ஷூ பெட்டியை மட்டும் நான் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். ஒரு நிபந்தனை போட்டுத்தான் கொடுத்தாள்: மேசையில் எனக்கு எதிரே வைக்கக் கூடாது, பக்கத்தில்தான் வைக்க வேண்டும்.